அழாத தாய்

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் முப்பத்துநான்கு ஆண்டுகள் பணியாற்றிய நான், இதை எத்தனை வகுப்புகளில் கரும்பலகையில் எழுதி, “விரித்து எழுதுக” என்று மாணவர்களைப் பணித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அவர்களும் கள்ளமற்றவன் முகம் மலர்ந்திருக்கும், குற்றம் செய்தவன் முகம் கறுத்திருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதித் தருவார்கள். நானும் மதிப்பெண் இட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அந்தப் பழமொழியை அப்படியே நம்பியதால் ஒரு தேசம் முழுவதும் ஒரு தாயைக் கொலைகாரி என்று தீர்த்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையில் அடைத்து வைத்த வரலாற்றை இன்று நேயர்களுக்கு, குறிப்பாக மாணவ மாணவிகளுக்கு, எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இது ஏதோ இருண்ட காலத்தில், சூனியக்காரிகள் என்று பெண்களைத் தீயில் இட்ட காலத்தில் நடந்ததன்று. 1980ஆம் ஆண்டில், பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் நிறைந்த ஆஸ்திரேலிய நாட்டில் நடந்தது. அப்போது நான் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் மாணவன். நூலகத்துக்கு வந்த ஆங்கில நாளிதழின் உட்பக்கம் ஒன்றில் நான்கைந்து வரிச் செய்தியாக அதைப் படித்ததாக நினைவு. நாய் ஒன்று கைக்குழந்தையைத் தூக்கிச் சென்றதாம் என்று நண்பர்களிடம் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. உண்மையைச் சொல்வதானால் நானும் முழுமையாக நம்பவில்லை.

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி செம்மணல் பாலை. அந்தச் சமவெளியிலே 348 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறையாக எழுந்து நிற்பது உலுரு. வெள்ளையர் அதற்கு ஏயர்ஸ் பாறை என்று பெயரிட்டு வழங்கினர். அந்த மண்ணின் பழங்குடிகளான அனங்கு மக்களுக்கு அது புனிதத் தலம். கதிரவன் மறையும் வேளையில் அந்தப் பாறை நிறம் மாறுவதைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்து கூடுவார்கள். 1980 ஆகஸ்டு மாதத்தில் அவ்வாறு வந்தவர்களுள் ஒரு குடும்பம் குவீன்ஸ்லாந்து மாநிலத்து மவுண்ட் ஐசா என்னும் சுரங்க நகரத்தைச் சேர்ந்தது. தந்தை மைக்கேல் சேம்பர்லேன், ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு திருச்சபையின் போதகர். தாய் லிண்டி. ஆறு வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு ஆண் மக்கள். அவர்களுக்குப் பின் ஆவலோடு எதிர்பார்த்துப் பெற்ற பெண் குழந்தை அசாரியா. அதற்கு வயது ஒன்பது வாரம்.

ஆகஸ்டு 17ஆம் நாள் இரவு எட்டு மணி அளவில், முகாம் திடலின் அடுப்படியில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து உணவு சமைத்துக்கொண்டிருந்தன. உறங்கிவிட்ட குழந்தையைத் தம் கூடாரத்தில் கிடத்திவிட்டு லிண்டி அம்மையார் அடுப்படிக்குத் திரும்பினார். இடையில் கழிந்த நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் இராது. சற்றைக்கெல்லாம் குழந்தையின் குரல் கேட்டதாக அங்கிருந்த மற்றொரு தாய் சொன்னார். லிண்டி பார்க்கப் போனார். கூடாரத்தின் வாயிலிலிருந்து ஒரு டிங்கோ தலையை ஆட்டியவாறு வெளிப்படுவதைக் கண்டார். டிங்கோ என்பது அந்நாட்டுக் காட்டுநாய். பழுப்பு மஞ்சள் நிறம் உடையது. நம் ஊர் நாட்டுநாயைப் பார்த்தவர்களுக்கு அதன் உருவம் எளிதில் விளங்கும். கூடாரத்துக்குள்ளே குழந்தை இல்லை. நாய் என் குழந்தையைக் கொண்டுபோய்விட்டது என்று அவர் அலறியதை அந்தத் திடலில் இருந்தவர்கள் கேட்டார்கள்.

அன்றிரவே நூற்றுக்கணக்கானோர் விளக்குகளோடு தேடினர். மணலில் கால்தடம் பார்த்துச் செல்வதில் வல்லவர்களான பழங்குடி மக்கள், நாயின் தடத்தையும், அது பாரமான ஒன்றைச் சுமந்து சென்று ஓரிடத்தில் கீழே வைத்து எடுத்த அடையாளத்தையும் கண்டதாகச் சொன்னார்கள். அந்த முகாம் பகுதியில் டிங்கோக்கள் குழந்தைகளைத் தாக்கத் தொடங்கியிருந்தன என்பதும் உண்மை. தலைமைக் காவலராயிருந்த டெரெக் ராஃப் என்பவர் இதைப் பற்றி மேலதிகாரிகளுக்கு அதே ஆண்டில் எச்சரித்து எழுதியும் இருந்தார். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 24ஆம் நாள், கூடாரத்திலிருந்து சுமார் நான்கு கிலோமீட்டர் தொலைவில், பாறையின் அடிவாரத்தில், குழந்தையின் உடைகள் இரத்தக் கறையோடு கிடைத்தன. குழந்தை கிடைக்கவே இல்லை. மேலே அணிவித்திருந்ததாகத் தாய் சொன்ன வெண்ணிறச் சிறு மேற்சட்டையும் கிடைக்கவில்லை. அந்த மேற்சட்டையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரில் கண்டவர்களும் உடனிருந்தவர்களும் எல்லோரும் தாயின் பக்கமே சாட்சி சொன்னார்கள். அவ்வாறிருந்தும் அவர் மேல் ஐயம் பிறந்தது எவ்வாறு? இங்கேதான் நாம் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

தொலைக்காட்சி நிருபர்கள் வந்தார்கள். பெற்றோர் இருவரும் அவர்களோடு பேசினார்கள். லிண்டி அம்மையார் கேட்ட கேள்விக்கு விடை சொன்னார், தெளிவாகச் சொன்னார், நாய் எவ்வாறு உடையிலிருந்து குழந்தையை வெளியே எடுத்திருக்கக்கூடும் என்பதையும் குரல் நடுங்காமல் விளக்கினார். கண்ணீர் விட்டுக் கதறி விழவில்லை. உயிர்த்தெழுதலில் ஆழ்ந்த நம்பிக்கை உடைய குடும்பம் அது. இறுதிநாளில் குழந்தையை மீண்டும் காண்போம் என்பது அவர்களுடைய உறுதி. ஆனால் வீட்டுக் கூடங்களில் அமர்ந்து திரையைப் பார்த்த இலட்சக்கணக்கானவர்களுக்கு அந்த நம்பிக்கை தெரியாது. அவர்கள் அறிந்ததெல்லாம் ஒன்றே: குழந்தையை இழந்த தாய் அழ வேண்டும். இவள் அழவில்லை. ஆகவே இவள் தாய் அல்லள். தாய் அல்லாதவள் எதையும் செய்வாள்.

இந்த அனுமானம் எத்தனை விரைவில் வளர்ந்தது என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அசாரியா என்ற பெயருக்கு “பாலைவனத்தில் பலி” என்று பொருள் என ஒரு வதந்தி கிளம்பியது. அந்தப் பெயர் விவிலியத்தில் உள்ளது. கடவுள் துணைசெய்தார் என்பதே அதன் பொருள். குழந்தைக்குத் தாய் கறுப்புச் சட்டை தைத்துப் போட்டிருந்தார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. சட்டை இருந்தது மெய்தான். கறுப்புத் துணியில் சிவப்பு ஓரம் வைத்த சட்டை. தாய்மார்கள் குழந்தைகளுக்குக் கறுப்பு உடுத்தக் கூடாது என்று எந்த நாட்டுச் சட்டம் விதித்தது? அம்மையார் நீதிமன்றத்துக்கு வரும்போது என்ன நிறத்தில் உடுத்தினார், கூந்தலை எவ்வாறு அமைத்தார், நேற்று உடுத்திய உடையை இன்று மாற்றினாரா என்பதையெல்லாம் பத்திரிகைகள் நாள்தோறும் வருணித்தன. புன்னகை செய்தால் கல்நெஞ்சக்காரி என்றார்கள். கண்ணீர் வந்தால் நடிக்கிறாள் என்றார்கள். இவற்றுக்கு நடுவே அவர் எந்த முகத்தோடு இருந்திருக்க வேண்டும் என்பதை இன்றளவும் என்னால் கண்டுகொள்ள முடியவில்லை.

தந்தையும் அழவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரும் அமைதியாகவே பேசினார். அவரையும் சிலர் குறை கூறினார்கள்; எனினும் ஆண்மகன் அழாதிருப்பது மனவலிமை என்று கொள்ளுமாறு நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். அதே அமைதி பெண்ணிடத்தில் காணப்பட்டால் அதற்கு வேறு பெயர். ஒரே குணத்துக்கு இரண்டு அளவுகோல்.

முதல் மரண விசாரணையை நடத்திய டெனிஸ் பாரிட் என்னும் அதிகாரி நேர்மையாளர். 1981 பிப்ரவரி 20ஆம் நாள், வதந்திகளுக்கு முடிவு கட்டவேண்டும் என்று, தம் தீர்ப்பைத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பச் செய்தார். குழந்தையைக் கொண்டுசென்றது டிங்கோதான், பெற்றோர் மேல் எவ்விதக் குற்றமும் இல்லை என்று தெளிவுபடக் கூறினார். பின்னர் எவரோ உடைகளைக் கையாண்டிருக்கலாம் என்று ஒரு சொல்லையும் சேர்த்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, புலனாய்வு மீண்டும் தொடங்கியது.

இந்த இரண்டாம் புலனாய்வின் போக்கைப் பாருங்கள். சான்றுகளைத் திரட்டி அவை காட்டும் வழியே முடிவுக்கு வருவது முறை. இங்கோ முடிவு முன்னதாகவே மனத்தில் அமர்ந்துவிட்டது. சான்றுகளைப் பின்னர்த் தேடினார்கள். குழந்தையின் உடை லண்டன் மாநகரத்துத் தடய மருத்துவ நிபுணர் ஒருவருக்கு அனுப்பப்பட்டது. துணி பல்லால் கிழிபட்டதன்று, கத்திரிக்கோலால் வெட்டுப்பட்டது என்றும், அதன்மேல் இரத்தம் தோய்ந்த சிறிய கை ஒன்றின் பதிவு தென்படுகிறது என்றும் அவர் கருத்துரைத்தார். சேம்பர்லேன் குடும்பத்தின் காரைப் பிரித்துச் சோதித்தார்கள். முன் இருக்கைப் பக்கத்துத் தகட்டின் கீழே கண்ட தெறிப்புக் கறை, பச்சிளங் குழந்தையின் இரத்தத்தில் மட்டும் மிகுதியாக உள்ள ஒருவகை ஹீமோகுளோபினைக் காட்டுகிறது என்று ஆய்வுக்கூடம் அறிவித்தது. பிறகு வேறென்ன வேண்டும்? விஞ்ஞானமே பேசிவிட்டது என்று ஊரார் ஓய்ந்தனர்.

1982 செப்டம்பர் 13ஆம் நாள் டார்வின் நகரில் விசாரணை தொடங்கியது. ஜூரி முறை நம் நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்து, பின்னர்க் கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் கொலை வழக்குகளுக்கு அம்முறை உண்டு. அன்று ஜூரியில் அமர்ந்தவர்கள் ஆடவர் ஒன்பதின்மர், பெண்டிர் மூவர். அரசுத் தரப்பின் கதை இது: அடுப்படியிலிருந்து எழுந்து சென்ற அந்தச் சில நிமிடங்களில் தாய் குழந்தையைக் காருக்குத் தூக்கிச் சென்று, முன் இருக்கையில் அமர்ந்து கழுத்தை அறுத்து, உடலைப் புகைப்படக் கருவிப் பெட்டியில் மறைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்து மீண்டும் அடுப்படியில் நின்றார். அப்போது மூத்த மகனும் உடனிருந்தான். ஏன் கொன்றார்? அதற்கு அரசுத் தரப்பு காரணம் எதுவும் காட்டவில்லை. காட்டத் தேவையில்லை என்றது. உடன் இருந்தவர்களோ, திரும்பி வந்தவர் முகத்திலும் கையிலும் எந்த மாற்றமும் காணவில்லை என்றார்கள். அதன் பிறகே குழந்தையின் குரலைக் கேட்டேன் என்று அந்த மற்றொரு தாய் மாறாமல் சாட்சி சொன்னார். பழங்குடித் தடங்காண்போரின் அறிவுக்கு அந்த மன்றத்தில் உரிய இடம் கிட்டவில்லை.

நீதிபதி மியூர்ஹெட் ஜூரிகளுக்கு அளித்த உரை விடுதலைக்கே சாதகமாக இருந்தது என்று கேட்டவர்கள் பலர் கருதினர். ஜூரிகள் அவ்வாறு கருதவில்லை. 1982 அக்டோபர் 29ஆம் நாள் லிண்டி சேம்பர்லேனைக் கொலைக் குற்றவாளி என்றார்கள். ஆயுள் தண்டனை, கடுங்காவல். கணவருக்கு உடந்தைக் குற்றத்துக்காகப் பதினெட்டு மாதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. அம்மையார் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. நவம்பர் 17ஆம் நாள் சிறைக் காவலில் இருக்கையில் ஒரு பெண் மகவைப் பெற்றார். மேல்முறையீடு முடியும்வரை பிணையில் விட்டார்கள். 1983 ஏப்ரலில் மேல்முறையீடு தள்ளுபடியாகவே, ஐந்து மாதக் குழந்தையைப் பிரிந்து மீண்டும் டார்வின் சிறைக்குச் சென்றார். 1984 பிப்ரவரியில் நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தண்டனையை உறுதிசெய்தது.

இவ்விடத்தில் வேறு இரண்டு வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். அமெரிக்காவில் ஃபால் ரிவர் என்னும் ஊரில், 1892 ஆகஸ்டு 4ஆம் நாள், ஆண்ட்ரூ போர்டன் என்ற செல்வரும் அவருடைய இரண்டாம் மனைவியும் கோடரியால் வெட்டப்பட்டு வீட்டுக்குள்ளே மாண்டு கிடந்தார்கள். மூத்தாள் மகளாகிய லிஸி என்னும் முப்பத்திரண்டு வயதுப் பெண்மேல் வழக்கு. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் கற்பித்தவர், நற்குடும்பத்தினர். இத்தகைய பெண்மணி கோடரியைத் தூக்குவாளா, அவளைக் குற்றவாளி எனின் அவளை ஒரு பிசாசு என்றல்லவா கொள்ளவேண்டும் என்று வாதிட்டார் அவருடைய வழக்கறிஞர், முன்னாள் மாநில ஆளுநர். பன்னிரண்டு ஆடவர் கொண்ட ஜூரி 1893 ஜூன் 20ஆம் நாள் விரைவாகவே விடுதலை அளித்தது. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்ற வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. அரசுத் தரப்பின் சான்று போதாதது என்பதும் மெய்யே. ஆனால் வாதம் நடந்த விதம் சான்றைப் பற்றியதாக மட்டும் இல்லை. பெண் என்பவள் எப்படிப்பட்டவள் என்பதைப் பற்றியதாகவும் இருந்தது.

மற்றொன்று இங்கிலாந்தில் நடந்தது. 1922 அக்டோபரில் எடித் தாம்ப்சன் என்பவருடைய கணவரை, அவருடைய காதலராகிய பைவாட்டர்ஸ் என்ற இளைஞர் இரவில் வழிமறித்துக் கத்தியால் குத்திக் கொன்றார். குத்தியவர் தாமே, எடித்துக்கு இது முன்னதாகத் தெரியாது என்று பைவாட்டர்ஸ் இறுதிவரை சொன்னார். எடித் எழுதிய காதல் கடிதங்களே எடித்துக்கு எதிரான சாட்சியாயின. கணவனுக்குத் துரோகம் செய்தவள் என்பதை நீதிபதி ஜூரிகளுக்கு அடிக்கடி நினைவூட்டினார். ஒழுக்கம் தவறியவள் என்பதும் கொலைகாரி என்பதும் ஒன்றாயின. 1923 ஜனவரி 9ஆம் நாள் இருவரும் வெவ்வேறு சிறைகளில் ஒரே வேளையில் தூக்கிலிடப்பட்டனர். நல்ல பெண் என்ற படிமம் ஒருவரைக் காத்தது. கெட்ட பெண் என்ற படிமம் ஒருவரைக் கொன்றது. காத்ததையும் நாம் நீதி என்று கொண்டாட முடியாது.

நம் இலக்கியத்திலும் ஒரு விசாரணை உண்டு. மதுரை அரசவையில் கண்ணகி விரித்த கூந்தலோடும் வழிந்த கண்ணீரோடும் நின்றாள். பாண்டியன் அந்தக் கண்ணீரைக் கண்டு தன் தீர்ப்பை மாற்றவில்லை. சிலம்பை உடைத்து, உள்ளே முத்தன்று, மாணிக்கம் என்று காட்டியபோதுதான் மாற்றினான். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் கண்ணகியின் சீற்றத்தையே நான் பாடம் நடத்தினேன். சிலம்பு உடைந்ததை ஒரு தடயமாக எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்க்கச் செய்தது என் சொந்தத் தவறு ஒன்று. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் பிறருடைய பிழைகளை இவ்வளவு நேரம் எடுத்துக் கூறியவன் தன்னுடையதை மறைப்பது முறையன்று. 1994ஆம் ஆண்டு, நான் அப்போது பணிபுரிந்த பள்ளியில், தேர்வுக் கட்டணமாக வசூலித்த தொகை ஆசிரியர் மேசையிலிருந்து காணாமற் போயிற்று. இடைவேளையில் வகுப்பறையில் இருந்தவர்கள் ஒரு மாணவனும் ஒரு மாணவியும். இருவரையும் என் அறைக்கு அழைத்தேன். பையன் அழுதுவிட்டான், தேம்பித் தேம்பி அழுதான். அவனைத் தட்டிக்கொடுத்து வகுப்புக்கு அனுப்பினேன். அந்தச் சிறுமி அழவில்லை. நிமிர்ந்து நின்று, நான் எடுக்கவில்லை சார் என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னாள். மறுமுறை கேட்டேன், அதே வாக்கியம். என்ன நெஞ்சழுத்தம் இந்தப் பெண்ணுக்கு என்று எண்ணினேன். அவளுடைய தந்தையை வரவழைத்தேன்; அவர் கூலி வேலையை விட்டுவிட்டு வந்து, கைகட்டி நின்றார். இரண்டு நாள் கழித்து, வருகைப் பதிவேட்டின் அட்டை உறைக்குள் அந்தத் தொகை முழுவதும் இருந்தது. வைத்தவர் மறந்துவிட்டார்.

அச்சிறுமியை அழைத்து, தவறு என்னுடையது அம்மா என்றேன். அவள் சற்று நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, “நான் அழுதிருந்தால் நம்பியிருப்பீர்களா, சார்?” என்று கேட்டாள். பயிற்சிக் கல்லூரியில் கற்ற உளநூல் எதிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவள் வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டாள்.

முகத்தைப் பார்த்து எடைபோடும் பழக்கம் என்னைப் போன்ற தலைமையாசிரியர்களோடு நிற்பதன்று. சட்டமும் அதற்கு இடம் தந்திருக்கிறது. நம் நாட்டு 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், சாட்சி கூண்டில் நின்று பேசும்போது அவருடைய தோற்றமும் நடத்தையும் எவ்வாறிருந்தன என்று நீதிபதி குறித்து வைக்க ஏற்பாடு இருந்தது. பதறுகிறாரா, தயங்குகிறாரா என்று பார்ப்பது முற்றிலும் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் துயரத்துக்கு ஒரே முகம் என்று எண்ணுவது தவறு. நம் ஊரில் இழவு வீட்டுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரியும். மாரில் அடித்துக்கொண்டு அழுபவர்களும் உண்டு. அடுப்பை மூட்டி, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, யாருக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களும் உண்டு. காரியமெல்லாம் முடிந்து, பதினாறாம் நாளுக்குப் பிறகு, யாருமில்லாத பகற்பொழுதில்தான் அவர்களுக்கு அழுகை வரும். அதைத் தொலைக்காட்சி காட்டாது.

ஆஸ்திரேலியாவுக்குத் திரும்புவோம். 1986 ஜனவரி இறுதியில், ஆங்கிலேயப் பயணி ஒருவர் உலுருப் பாறையின்மேல் ஏறுகையில் தவறி விழுந்து இறந்தார். அவருடைய உடலைத் தேடிச் சென்றவர்கள், பிப்ரவரி 2ஆம் நாள், டிங்கோக்களின் குகைகள் மிகுந்த ஓரிடத்தில், மணலில் பாதி புதைந்த ஒரு சிறு துணியைக் கண்டார்கள். அது அசாரியாவின் வெண்ணிற மேற்சட்டை. அப்படி ஒரு சட்டையே இல்லை, தாய் பொய் சொல்கிறாள் என்று வாதாடியிருந்தார்கள் அல்லவா? அந்தச் சட்டை ஐந்தரை ஆண்டுகளாக அங்கேயே கிடந்தது. ஐந்து நாளில், பிப்ரவரி 7ஆம் நாள், லிண்டி அம்மையார் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஒரு மனிதர் கால் இடறி விழாமற் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

நீதிபதி டிரெவர் மார்லிங் தலைமையில் அரச விசாரணைக் கமிஷன் அமர்ந்தது. விஞ்ஞானம் பேசியதாகச் சொன்னார்களே, அதை இக்கமிஷன் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தது. காரின் அடித்தகட்டில் இருந்த தெறிப்பு இரத்தமே அன்று. காரைச் செய்த தொழிற்சாலையில் ஓசையைத் தணிப்பதற்காகப் பூசும் தார்போன்ற பசை. உடையில் கைப்பதிவு என்று கண்டதில் பெரும்பகுதி பாலைவனத்துச் செம்மண். இரத்தச் சோதனைத் தகடுகளை மீண்டும் பார்க்கலாம் என்றால், ஆய்வுக்கூடத்தின் வழக்கப்படி அவற்றை அழித்துவிட்டிருந்தார்கள். கத்திரிக்கோலால் மட்டுமே நேரும் என்று சொன்ன வெட்டு, நாயின் பல்லாலும் நேரக்கூடியது என்று தெரிந்தது. பழங்குடித் தடங்காண்போர் சொன்னதைக் கமிஷன் பொறுமையாகக் கேட்டு மதித்தது. இச்சான்றுகள் முன்பே ஜூரியின் முன் இருந்திருந்தால் விடுதலை செய்யுமாறு நீதிபதியே பணித்திருக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு அறிக்கையில் மார்லிங் எழுதினார்.

அந்த நிபுணர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. கண்ணாடிக் குழாயின் முன் அமர்ந்தவரும் நாட்டு மனிதரே; அவரும் பத்திரிகை படித்தவர்; தொலைக்காட்சியில் அந்த முகத்தைப் பார்த்தவர். இரத்தம் இருக்கவேண்டும் என்று தேடுகிறவருக்குப் பசையும் இரத்தமாகத் தெரியும். அறிவியல் பயிலும் மாணவர்கள் இந்த வழக்கை வழக்கறிஞர்களுக்கு விட்டுவிடாமல் தாமும் படிக்கவேண்டும் என்பது என் ஆசை. ஜான் பிரைசன் என்பவர் 1985இல், அம்மையார் சிறையில் இருக்கும்போதே, இதைப் பற்றி விரிவான நூல் ஒன்று எழுதினார். 1988இல் அது திரைப்படமாகவும் வந்தது. கல்லூரி நூலகங்களில் கிடைத்தால் பாருங்கள்.

அறிக்கைக்குப் பின் அரசாங்கம் மன்னிப்பு வழங்கியது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு! அதோடு அவர்கள் அமையவில்லை. 1988 செப்டம்பர் 15ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவர் மேலிருந்த தீர்ப்பையும் அடியோடு நீக்கியது. 1992இல் பதின்மூன்று இலட்சம் டாலர் இழப்பீடாக அளித்தார்கள். எனினும் குழந்தையின் மரணத்துக்குக் காரணம் என்னவென்று அரசாங்க ஏட்டில் எழுதப்படவில்லை. 1995இல் நடந்த மூன்றாம் மரண விசாரணையும் காரணம் தீர்மானிக்க இயலவில்லை என்றே முடிந்தது. ஊர்வாயும் மூடவில்லை. டிங்கோ நிரபராதி என்று சட்டைகளில் அச்சிட்டு அணிந்து திரிந்த நாட்டில் அது எளிதில் மூடுமா? கேலிச் சொற்களும் நகைச்சுவைத் துணுக்குகளும் கடல் கடந்து அமெரிக்கா வரை சென்றன. அவற்றைக் கேட்டுச் சிரித்தவர்கள், ஒரு தாய் இருளில் நின்று அலறிய வாக்கியம் அது என்பதை எண்ணவில்லை.

பெற்றோர் விடவில்லை. டிங்கோக்கள் பிற இடங்களில் குழந்தைகளைத் தாக்கிய நிகழ்ச்சிகளைத் திரட்டி மீண்டும் மனுச் செய்தனர். நான்காம் முறையாக மரண விசாரணை நடந்தது. 2012 ஜூன் 12ஆம் நாள், எலிசபெத் மாரிஸ் என்னும் பெண் அதிகாரி, குழந்தையைக் கொண்டுசென்று மரணம் விளைவித்தது டிங்கோவே என்று தீர்ப்பு வாசித்தார். வாசிக்கையில் அவருடைய குரல் தழுதழுத்தது. பெற்றோருக்குத் தம் அனுதாபத்தையும் அவர் தெரிவித்தார். அன்றே திருத்திய மரணச் சான்றிதழ் அவர்கள் கையில் தரப்பட்டது. பாறையின் அடியில் ஒன்பது வார வயதில் மறைந்த அசாரியா உயிரோடு இருந்திருந்தால், அதற்கு முந்தைய நாள் அவளுக்கு முப்பத்திரண்டு வயது நிறைந்திருக்கும்.